உயிருள்ள சாப்பாடு

பாசிப்பயற்றை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால், தூத்துக்குடி வெக்கைக்கு ஒரே நாளில் முளைவிட்டுவிடும். அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். வேறு வித்தை ஒன்றும் இல்லை, ஐயா.

நான் பத்தொன்பது வருடமாகக் கடற்கரைச் சாலையில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். காலையில் நடக்க வருகிறவர்கள் என்னிடம்தான் சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் கிளாட்வின் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, இனிமேல் சமைத்ததைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். எடுத்தவர் வீட்டோடு இருந்திருக்கலாம். தினமும் என் கடை முன்னால் நின்று பிரசங்கம் செய்தார்.

"ஏளா செல்வி, நீ அவிக்கது பூராவும் பிணம். உயிருள்ள சாப்பாடு இருந்தா சொல்லு, வாங்குதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

மறுநாளே அவருக்கென்று பயறு முளைகட்ட ஆரம்பித்தேன். ஆறு வாரம் நல்ல குழாய்த் தண்ணீர்தான் தெளித்தேன். சாப்பிட்டுவிட்டு, தெம்பாக நின்று இன்னும் சத்தமாகப் பேசினார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜெபிஷா, கல்லூரிப் பாடத்துக்காக எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, கக்கூஸ் தொட்டி கசிஞ்சு கிணத்துல கலக்குது. பாத்திரம் கழுவக்கூட எடுக்காதிய. பச்சையாத் திங்கிறதுல பட்டுச்சுன்னா, ஒரு கிருமி ஒரே நாள்ல கோடியாயிரும்."

நல்ல பிள்ளை. கிணற்றை மூடிவிட்டதாக அவளிடம் சொன்னேன். இட்லிக்கும் சட்னிக்கும் குழாய்த் தண்ணீர்தான். அந்த ஒரு துணிமூட்டைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர். உயிருள்ளதைத்தானே கேட்டார். கோடிக்கணக்கில் கொடுத்தேன்.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடப்பார், பிறகு இட்லிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி ஜெபசுதா அம்மாவுக்கும் பாதி கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய். மூன்றாம் நாள் இருவரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நான் கஞ்சி கொண்டுபோனேன்.

"வெளிய எதுவும் சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். இருவரும் பேசும் நிலையில் இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல கரும்புச் சாறு குடிச்சதாச் சொன்னாவ" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மறுநாள் ஜெபசுதா அம்மா இறந்துபோனார்கள். நீங்களும் ஸ்டேஷனிலிருந்து வந்து பாண்டித்துரையின் கரும்புச் சாற்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். பாவம், அவன் ஐஸைக்கூட மூடித்தான் வைப்பான். ஜெபிஷா உங்களிடம் வந்து கிணற்றைப் பற்றிச் சொல்லியிராவிட்டால் அவனுக்காக நானே பேசியிருப்பேன்.

ஆமாம், தெரிந்தேதான் ஊற்றினேன். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

அடக்கம் முடிந்து, சாரும் தேறி வீடு வந்ததும், துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆவி பறக்க அவித்து வைத்தேன். கிளாட்வின் சார் மூலையில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். பிறகு தலையைத் தூக்காமல், "ஏளா, இன்னும் ரெண்டு வையி" என்றார்.

அந்த மனுஷனை யாராலும் திருத்த முடியவில்லை, ஐயா. நான் திருத்தினேன். ஜெபசுதா அம்மா இருந்திருந்தால் எனக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.