ஐஸ் முந்திக்கொண்ட கோப்பை

தலைமை நடுவர் வதீஹ் ஐயா அவர்களே, ஸஹ்லே நகரத்துத் திராட்சைத் தோட்டப் பெரியோர்களே, அடுப்பருகே வெந்து, சோம்பு சேர்த்த திராட்சைச் சாராயமாம் அரக் இறக்கிய தாய்மார்களே, பரிசைத் தாம் வென்று, நன்றி சொல்ல மட்டும் என்னை மேடையேற்றிவிட்டு, 'சீக்கிரம் முடி' என்று கண்ணால் சொல்லும் என் அம்மா சல்வா அவர்களே, வணக்கம்.

ஒரு சின்னச் சத்தம்தான் முதலில் என் காதில் பட்டது. இன்றைய அரக் போட்டியில், ஐந்தாம் ஜாடியை ருசி பார்க்க வைத்த கோப்பையில் ஐஸ்கட்டி விழுந்த சத்தம். தண்ணீர் விழுவதற்கு முன்பே விழுந்த சத்தம்!

பின்வரிசை அண்ணன் "யாரு போட்டா?" என்கிறார். சொல்கிறேன் அண்ணா. சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஜாடிக்கு ஜாடி புதுக் கோப்பை எடுத்துக் கொடுத்தவள் நான். பெய்ரூட் விருந்தாளிக்கு வதீஹ் ஐயா பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: "மொதல்ல அரக், அப்புறம் தண்ணி, கடைசியிலதான் ஐஸ். மாத்திப் போடுறவன் வீட்டுல நான் உக்காரக்கூட மாட்டேன்." வாய் அப்படிச் சொன்னது. கை தண்ணீருக்கு முன்பே ஐஸைப் போட்டது.

பால்போல் வெளுக்க வேண்டிய அரக்கில் திப்பி திப்பியாக மிதந்தது. "இது சோம்பா, சுண்ணாம்பா?" என்று கேட்டு, நாக்கில் வைக்காமலே ஒதுக்கிவிட்டார். அது மில்ஹெம் மாமாவின் ஜாடி. மூன்று முறை காய்ச்சி வடித்த அரக். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐஸ் முந்தியதை நான் கண்டேன், கூச்சத்தில் சொல்லவில்லை. பரிசுக் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

என்ன ஐயா? "என் கையா போட்டுச்சு?" என்கிறீர்களா? உங்கள் கைதான் ஐயா. வாய்மேல் குற்றமில்லை.

வென்றவர் யார் என்று நாக்கு சொல்லட்டும், மூக்கு சொல்லட்டும், இந்த ஊரே சொல்லட்டும். ஓர் ஐஸ்கட்டி சொல்லலாமா?

அம்மா "எறங்குடி கீழ" என்கிறார். மில்ஹெம் மாமாவோ, "விடு தாயி, ருசிச்ச பெறகு தோத்தா இன்னும் கேவலம்" என்கிறார்.

கேட்டீர்களா, இப்போது அம்மாவே எழுந்துவிட்டார்: "அதெப்படிண்ணே? ருசிக்கவச்சே தோத்துப் போங்க. ஏய், ஊத்துடி."

கை தட்டிய கைகளுக்கு நன்றி. இன்னும் முடிவு சொல்லாத நாக்குகளுக்கு வணக்கம்.

கிண்ணத்தை மேசைமேல் வைக்கிறேன். புதுக் கோப்பை. ஐந்தாம் ஜாடி. ஒரு பங்கு அரக், இரண்டு பங்கு தண்ணீர். இனி ஐஸ்.

பிடியுங்கள் ஐயா.