குறைக்காமல் விட்ட உயரம்

கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில், முன்சீற்றில் இருந்தவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: "நேற்றுப் பின்னேரமும் கனடாவுக்கு பிளேன் ஓட்டினனான், தங்கச்சி."

அவருடைய மடியில் விசாக் கடிதங்கள் அடுக்கிய ஃபைல் இருந்தது.

"பிளேனோ?"

"கொம்பியூட்டர் கேம்தான். மகள் அங்க இருக்கிறா. எனக்கு ரெண்டு தரமும் விசா ரிஜெக்ட்."

"இறக்கத் தெரியுமோ, அண்ணை?"

"ஓட்டோபைலட் இறக்கும். எந்த இடத்தில இறங்கத் தொடங்கோணும் எண்டு அதுவே பாக்கும். ஆனா முதல் நாங்கள் அதில உயர நம்பரைக் குறைச்சு வைக்கோணும். வைக்காட்டி மேலாலயே போயிடும்."

"நேற்று இறங்கினியளோ?"

"இல்லை. கீழ மகளின்ர ஊர் லைட்டெல்லாம் தெரிஞ்சுது. அப்பிடியே தாண்டிப் போயிட்டுது."

"குறைக்க மறந்திட்டியளாக்கும்."

பஸ் மாங்குளத்தைத் தாண்டியது.

"மறக்கேல்லை, தங்கச்சி. முதல் தரம் வடிவா இறக்கினனான். பிளேன் நிண்டுது. இறங்கிப் போகக் கதவு திறக்கேல்லை. மேல நிண்டா, பிள்ளையிட்டப் போய்க்கொண்டிருக்கிறன் எண்டாவது இருக்கும்."