ஐந்தாவது முகம்

– கண் ஏனடா இல்லை? மற்ற நாலு தலைவர்மாரும் வடிவாப் பாக்கினம். கல்லிலை என்ரை முகம் மட்டும் குருடா நிக்குது.

– கண் கடைசியாத்தான் திறக்கிறது, அக்கா. கையை எடுங்கோ, தூள் ஒட்டும்.

– ஒட்டட்டும். ஐயோ சிவகரன், என்ன வடிவாச் செதுக்கியிருக்கிறாய்! மூக்குத்திகூடத் தெரியுது. அச்சுவேலிச் சந்தியிலை தேசத்தைக் கட்டினவையெண்டு அஞ்சு முகம், அதிலை ஒண்டு உன்ரை அக்கா. சனம் என்னை இனி மறக்குமே?

– மற்ற நாலு பேரும் செத்தவை.

– அதுக்கு?

– உயிரோடை இருக்கிற ஒருத்தற்றை முகத்தையும் நான் உந்தக் கறுப்புக் கல்லிலை வெட்டினதில்லை. எங்கடை பக்கம் உது நினைவுக்கல்லெல்லே.

– உதென்ன விசர்க்கதை! கட்சி எனக்குச் செய்யிற மரியாதையடா. மயிலிட்டிச் சனத்தின்ரை காணியைக் கம்பனிக்கு விடமாட்டன் எண்டு நான் கட்சிக் கூட்டத்திலை மேசையிலை அடிச்சுச் சொன்னதிலையிருந்து அவையிலை ஒருத்தரும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. இப்ப கல்லே வெட்டுவிக்கினம். கோவம் ஆறிப்போச்சு, விளங்குதே?

– ஆறேல்லை. கல்லிலை இருக்கிறவை எதிர்த்துக் கதைக்கமாட்டினம், அதுதான் அவைக்கு வேணும். வெள்ளிக்கிழமைத் திறப்புவிழாவுக்குப் போகாதேங்கோ.

– நான் போகாமல்? சும்மா இரடா. பயந்தாங்கொள்ளி, சின்னனிலையும் நீ உப்பிடித்தான்.

– ஓம், பயம்தான். அதாலைதான் கண்ணிலை உளி வைக்கேல்லை.

– என்னடா ஒளிக்கிறாய்?

– கட்சியிட்டை இந்த வேலையை எடுத்து எனக்கு ஓடர் தந்தது வெளியூர்க் கொந்தறாத்துக்காரன். நான் உங்கடை தம்பியெண்டு அவனுக்குத் தெரியாது. கல்லிலை வெட்டவெண்டு கட்சிக் கந்தோர் அனுப்பின வாசகத்தை அப்பிடியே என்ரை போனுக்குத் தட்டிவிட்டான். உங்கடை முகத்துக்குக் கீழை சோக்குக்கட்டியாலை எழுதி மூடி வச்சிருக்கிறன். துணியை விலத்திப் பாருங்கோ.

– இராசமலர்... பிறந்த திகதி... பக்கத்திலை வாற வெள்ளிக்கிழமையெல்லே கிடக்கு? திறப்புவிழாத் திகதியை ஏன் இதிலை போட்டனீ?

– அது திறப்புவிழாத் திகதியில்லை, அக்கா. மேலை 'மறைவு' எண்டு போடச் சொன்னவை.

– சிவகரன்...

– நீங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முன்னம் அவன் திரும்பப் போன் எடுத்தவன். திகதியை மாத்தட்டாம்.

– என்னெண்டு?

– இண்டையத் திகதியைப் போடட்டாம்.