இளவரசனின் கட்டைவிரல்

டீயில் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தால் சொல்லுங்கள், தீனதயாளன் சார். வேறு போட்டுத் தருகிறேன். கோயம்புத்தூரிலிருந்து சேலத்தில் மாறி, கள்ளக்குறிச்சியில் மாறி வடக்கனந்தல் வரைக்கும் வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும். மடியிலிருக்கும் அந்த கம்ப்யூட்டர் போர்டைக் கீழே வையுங்கள். அதில் நீங்கள் கண்டுபிடித்ததை நான் இல்லையென்று சொல்லப்போவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் தம்பி இளவரசன் கல்வராயன் மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்தான். கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டன. வலது கட்டைவிரல் மட்டும் தப்பித்தது. அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அதனால் நான் கல்லூரியை விட்டுவிட்டு அவனோடு இருந்தேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். சாயங்காலம் அம்மா வந்த பிறகு கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வருவேன்.

அங்கேதான் உங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உள்ளங்கை அகலத்தில் இருக்கும் சின்ன போர்டு கம்ப்யூட்டரில் அந்தக் காலத்து வீடியோ கேம்களை ஓடவைக்க, நண்பர்களாகச் சேர்ந்து மென்பொருள் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறீர்கள் என்றார்கள். பழைய போர்டு ஒன்றை வாங்கி வந்து டிவியில் மாட்டினேன். அவன் கட்டைவிரலுக்கு அடியில் ஒரே ஒரு பொத்தானை வைத்துக் கட்டினேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

பொம்மை ஓடும், பள்ளம் வந்தால் குதிக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். நான் ஆடினால் கேலி செய்வான்.

"நீ ஆடுனா பொம்மையே அழுவுதுக்கா. வுட்டுடு, பாவம்."

அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. "எந்நேரமும் டொக்கு டொக்குன்னுகினு. அந்த டிவிக்கு மட்டும் காலு இருந்தா எப்பவோ வூட்ட வுட்டு ஓடிப்பூட்டிருக்கும்" என்பாள். திட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

மீதி உங்களுக்கே தெரியும். பொத்தானை அமுக்குவதற்கும் திரையில் பொம்மை குதிப்பதற்கும் நடுவில் இருக்கும் தாமதம், வேறு யாருக்கும் பிடிபடாதது, அவனுக்குத் தெரிந்தது. அவன் சொல்லச் சொல்ல அதை உங்கள் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். புதிதாக எதை வெளியிட்டாலும் இளவரசன் ஆடிப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும் என்று காத்திருந்தீர்கள். கடைசியில் கோயம்புத்தூருக்கே வந்துவிடு என்றீர்கள். தங்க இடம், பார்த்துக்கொள்ள ஆள், கைக்குப் பயிற்சி, மென்பொருளைச் சோதித்துச் சொல்ல ஒரு வேலை.

அன்றைக்கு அவன் என்னிடம் சொன்னான்: "அக்கா, இனிமே என்னத் தூக்கிக்கினு நீ இடுப்பொடிய வேணாம். உன் வேலையப் பாத்துக்கினு நிம்மதியா இரு."

பிரியமாகத்தான் சொன்னான். எனக்கென்று என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் என்னைக் காட்டி, "அந்தப் பையன் உசுரோட கீறான்னா இந்த சுபஸ்ரீயாலதான்" என்று பேசிக்கொள்வார்கள். அவன் கோயம்புத்தூர் போன பிறகு என்ன பேசுவார்கள்? எனக்குத் தெரியவில்லை. அதோடு, அங்கே வந்து ஏதாவது சரிப்படாமல் திரும்பினால் அவன் தாங்கமாட்டான் என்றும் தோன்றியது. இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியமானது.

சோதனைக்காகத் தாமதத்தை வேண்டுமென்றே கூட்டிப் பார்க்கும் வசதி உங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது. அவன் கேட்டுத்தான் நீங்கள் சேர்த்தீர்கள். அது அவன் பொத்தானுக்கு மட்டும் வேலை செய்யும்படி ஒரு வரி எழுதினேன். முதலில் துளிதான். பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டினேன். ஒரேயடியாகப் பெரிய மாற்றம் செய்யக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, போர்டு லேட்டாவுது. இன்னா ஆச்சுன்னு பாரு."

நான் இன்னொரு கன்ட்ரோலரைச் செருகி, அவன் கண்ணெதிரே ஆடினேன். பொம்மை சரியாகக் குதித்தது.

"எனக்கு நல்லாத்தான் கீது, தம்பி."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ என் வெரலுதான்" என்றான்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவ்வளவு நுணுக்கமாகத் தாமதத்தைப் பிடிக்கிறவன் இதை எப்படி நம்பினான் என்று கேட்கிறீர்கள். சார், காலில் எறும்பு ஏறினால்கூட நான் பார்த்துச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். முதுகில் புண் வந்ததும் நான் சொல்லித்தான் தெரியும். அவன் உடம்பைப் பற்றி அவனைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று பழகிப்போயிருந்தான்.

வரவில்லை என்று உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். அதோடு பொத்தானைக் கழற்றிவிடச் சொன்னான். அந்த ஆட்டம்தான் அந்த விரலுக்கு இருந்த ஒரே பயிற்சி. அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், அவன் கேட்கவில்லை. நான் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன், தினமும். விரல் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்தது. இப்போது அசைவதே இல்லை.

சற்று முன் போர்டில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, நீயே உள்ளே போய் உண்மையைச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றீர்கள். போனேன். கதவைச் சாத்தவில்லை, உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"தம்பி, அப்போ உன் வெரல்ல ஒரு கோளாறும் இல்ல. லேட்டாவுற மாதிரி நான்தான் போர்டுல எழுதி வெச்சேன்."

அவன் சிரித்தான். சிரித்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

"கோயமுத்தூர் சாரு சொல்லிக்குடுத்தாரா? என்ன மறுக்கா ஆட வெக்க, பழிய நீயே ஏத்துக்கினியா? போக்கா. ஒரு பொய்யக்கூட உருப்படியா சொல்லத் தெரியல உனக்கு."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிடச் சொன்னான். துடைத்துவிட்டேன். "உன்ன மாதிரி ஒரு அக்கா எவனுக்குக் கெடைக்கும்" என்றான்.

நீங்கள் போய்ச் சொன்னாலும் இதைத்தான் சொல்வான். அந்த வரியைக் காட்டினால், எங்க அக்கா இன்னைக்குக் காலையில எழுதினது என்பான். போர்டை எடுத்துக்கொண்டு போங்கள். இனி இங்கே அதற்கு வேலையில்லை.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், சார். நம்பாதது அவன்தான்.