மூஞ்சிப் பெட்டியும் மூடின குழாயும்

...இல்ல தம்பி, நான் இருக்க வரல்ல. கதிரையெல்லாம் வேணாம். நிண்டுகொண்டே ரெண்டு கதை கேட்டுட்டுப் போறன். நீங்க எனக்கு என்ன சொன்னீங்க? "வதனியக்கா, வி.பி.என். போட்டுத் தந்திட்டன், இனி உங்கட வீட்டுக் கதை ஒரு காகம் குருவிக்கும் தெரியவராது" எண்டு சொன்னீங்களா இல்லையா? இதே கடையில, இந்த மேசையில கையை வச்சுக்கொண்டு சொன்னீங்க. இப்ப எங்கட ஊர் மண்டூர் முழுக்கத் தெரியும். மண்டூர் என்ன மண்டூர், ஆத்துக்கு அங்கால இஞ்சால எல்லாருக்கும் தெரியும்! ...சரி சரி, போடுங்க அந்தக் கதிரையை. கால் உளையுது.

இந்தா இரிக்கி நீங்க வி.பி.என். போட்டுத் தந்த சாமான். துவாயில சுத்திக் கொண்டு வந்திருக்கன். ஆறு கடக்கிற பாதையில, அந்த மிதவையில ஏறக்குள்ள நாலு மோட்டார் சைக்கிளுக்கு நடுவில இதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வந்தன். ஆத்துக்குள்ள விழுந்தா நோர்வேயில இரிக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்ற?

என்ட மூத்தவள் விதுசா அனுப்பின வி.ஆர். பெட்டி, கண்ணை மூடித் தலையில மாட்டுறது. "அம்மா, போனில மூஞ்சியை மட்டும் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு, இதைப் போட்டா ரெண்டு பேரும் ஒரே அறையில நிண்டு கதைக்கலாம்" எண்டாள். நானும் போட்டன் தம்பி. போட்ட உடனே கண்ணைக் கட்டினாப்போல ஒரே இருட்டு. மறுகா பாத்தா... அம்மாளாச்சி! ஒரு பெரிய வீடு, யன்னலுக்கு வெளியில மலை, நடுவில என்ட புள்ள நிக்காள். ஆனா இடுப்புக்குக் கீழ ஒண்டுமில்ல! நான் வீரிட்டுக் கத்தினன். "ஐயோ மகள், கால் எங்க?" எண்டு. அவள் விழுந்து விழுந்து சிரிக்காள். அதில எல்லாரும் அப்பிடித்தானாம். எனக்கும் கால் இல்லையாம். குனிஞ்சு பாத்தன், மெய்தான், எனக்கும் இல்ல. ...சிரிக்காதீங்க தம்பி. கையை நீட்டி அவள்ட தலையைத் தடவப் பாத்தன், கை உள்ளுக்கால போயிட்டு. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல.

அது கிடக்கட்டும். நான் கேக்க வந்தது வேற.

மருமகன் ஒரு கொம்பியூட்டர்காரன். அவர்தான் முதல் என்னைப் பயங்காட்டினது. "மாமி, அதில சுத்திவரக் கமரா இரிக்கி. அறையை அளக்கும், நீங்க எங்க பாக்கிறீங்க எண்டதையும் பாக்கும், கதைக்கிறதும் அதுக்குக் கேக்கும். கண்ட கண்ட வைபையில போட்டுக் கதைக்காதீங்க, ஒரு வி.பி.என். போடுங்க" எண்டார். சுத்திவரக் கமராவா? நான் வீட்டில கிழிஞ்ச சட்டையோட நிக்கன், தலையில எண்ணெய் வழியுது, அதை எவனோ இருந்து பாக்கிறானா? சாமான் மேல ஒரு பெட்சீற்றைப் போட்டு மூடி, மேல ஒரு சுளகையும் கவிட்டு வச்சிட்டன். மனிசன் கேக்காரு, "என்னகா, கோழி அடை வச்சிருக்கியா" எண்டு.

அதுக்குப் புறகுதானே உங்களிட்டக் கொண்டு வந்தன். நீங்க படம் கீறாத குறையா விளங்கப்படுத்தினீங்க. "அக்கா, உங்கட வீட்டில இருந்து வெளிய போற கதை இப்ப திறந்த வாய்க்கால்ல போற தண்ணி மாதிரி, வரம்பில போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாக்கலாம். வி.பி.என். எண்டா மூடின குழாய். நடுவில நிக்கிறவனுக்கு உள்ள என்ன போகுது எண்டு தெரியாது, எங்க இருந்து வருது எண்டும் தெரியாது." வயல் வட்டைக்குத் தண்ணி பாய்ச்சுற குடும்பத்துக்காரி நான், இது எனக்கு விளங்காதா? நல்லா விளங்கிச்சு. மறுகாலும் நீங்க "ஆனா அக்கா..." எண்டு என்னவோ சொல்ல வந்தீங்க, அதுக்குள்ள பஸ் வந்திட்டு, நான் ஓடிட்டன்.

அண்டைக்குத் தொட்டு நான் எவ்வளவு கவனம் தெரியுமா! பச்சை அடையாளம் வராம வாயே திறக்க மாட்டன். அது வேற என்னைச் சிங்கப்பூரில இரிக்கிற ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு, சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடையெல்லாம் காட்டுது. காட்டட்டும். நான் மண்டூரில நிக்கிறது அதுக்கே தெரியாட்டி மற்றவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு எனக்கு ஒரே சந்தோசம்.

இப்பக் கேளுங்க என்ன நடந்த எண்டு.

என்ட இளையவள் நிருஷா தெரியும்தானே, பாலர் பள்ளியில படிப்பிக்காள். அவளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம், பெரியகல்லாறு. பொடியன்ட பேர் உதயரூபன், நீர்ப்பாசனத்தில வேலை. தாய்வழிக் குடி பாத்து, சாதகம் பாத்து, எல்லாம் சரி. எத்தினை இடம் வந்து வந்து தட்டுப்பட்ட பொடிச்சி தம்பி அவள். ஒவ்வொரு முறையும் "பரவாயில்லம்மா" எண்டு சொல்லிட்டு, பள்ளிப் பிள்ளையளுக்கு மட்டையில பூ வெட்டிக்கொண்டு இருப்பாள். அதைப் பாத்தா எனக்குப் பத்தி எரியும். இந்த முறை நாள் வைக்கும் மட்டும் ஒரு ஈ எறும்புக்கும் தெரியக்கூடாது எண்டு நினைச்சன். நாவூறு கண்ணூறு எண்டு இரிக்கிதானே. எங்கட முருகன் கோயில்ல கப்புகனார் வெள்ளைத்துணியால வாயைக் கட்டிக்கொண்டு பூசை வைப்பார், பாத்திரிப்பீங்க. அதே மாதிரி நானும் இரிந்தன். என்ட கூடப்பிறந்தவளுக்கே மூச்சு விடல்ல. விதுசாவோட மட்டும்தான், அதுவும் இந்தப் பெட்டிக்குள்ள, வி.பி.என். போட்டுக்கொண்டு!

அப்பிடி இரிக்கக்குள்ள ஒருநாள் பாதையில வச்சு எங்கட ஊர் நாகரெத்தினம் அண்ணன் கேக்காரு, "என்ன வதனி, பெரியகல்லாத்துப் பொடியனாமே, நல்ல இடம்" எண்டு. எனக்குக் காலடியில பாதையே ஆடினாப்போல இரிந்திச்சு. நான் கேட்டன், ஆரு அண்ணன் சொன்ன? "ஊரே கதைக்குது" எண்டாரு.

சரி, தெரிஞ்சது தெரிஞ்சிட்டு எண்டு விட்டா, பக்கத்து வளவு அன்னப்பூரணி இரிக்காளே... அவளுக்கும் எனக்கும் நடுவில ஒரு கிடுகு வேலி, அதுவும் கறையான் திண்டு பாதி போயிட்டு. அவள்ட வீட்டிலயும் ஒரு பொடிச்சி இரிக்காள். இவள் என்ன செஞ்சாள்? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, வெத்திலைத் தட்டத்தோட பெரியகல்லாத்துக்கே போயிட்டாள்! "எங்கட பொடிச்சிக்கு ஓட்டு வீடு, உழவு ரெக்டரும் தாறம்" எண்டாளாம். என்ட வீட்டில என்ன சீதனம் குடுக்கப் போறம் எண்டது அவளுக்கு அச்சொட்டாத் தெரிஞ்சிரிக்கி. அதுக்கு மேல ஒரு படி ஏத்திக் கேட்டிருக்காள். எப்பிடித் தெரியும்? நான் அதை விதுசாவோட மட்டும்தானே கதைச்ச!

நிருஷா கேட்டுட்டு உள்ள போனாள். திரும்பவும் மட்டையில பூ வெட்டத் தொடங்கிட்டாள். எனக்கு அந்தக் கத்திரிக்கோல் சத்தம் கேட்டா நெஞ்சு வலிக்கிது தம்பி.

அதையும் பொறுத்தன். ஆனா நேத்து ஒரு கோல் வந்திச்சு. பொடியன்ட தாய். அவ ஒரு விசயம் சொன்னா பாருங்க, அது என்ட மனிசனுக்கே பாதிதான் தெரியும். மூத்தவளுக்கு மட்டும் சொல்லி அழுத விசயம். அது எப்பிடி ஆறு தாண்டிப் போச்சு? உங்கட குழாயில எங்கயோ ஓட்டை இரிக்கி. அதைப் பாக்கத்தான் கொண்டு வந்த.

...என்ன விசயமா? போங்க தம்பி, அதை உங்களுக்குச் சொல்லுவனா? ரகசியம்.

...எங்க நிண்டு போடுறதா? இதென்ன கேள்வி, வீட்டிலதான். ...வீட்டில எங்கயா? முன் வளவில. உள்ளுக்க எங்க இடம்? அறுவடை முடிஞ்சு சாலைக்கூடம் முழுக்க நெல்லு மூடை கிடக்கு. கையை வீசினா மூடையில படுது, அண்டைக்கு ஒரு மூடையில இடறி விழுந்து முழங்கால் உரிஞ்சிட்டு. பெட்டிக்குள்ள ஒரு நீலக் கோடு வரும்தானே, அதுக்குள்ள நிக்கணும் எண்டு. அது முன் வளவிலதான் வடிவா வரும், ரோட்டுப் படலைக்குக் கிட்ட, மாமரத்துக்குக் கீழ. ...எத்தினை மணிக்கா? பின்னேரந்தான். அவளுக்கு அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். ...ஓம், கோயிலுக்குப் போற ஆக்கள், டியூசன் விட்டு வாற பிள்ளையள் எல்லாம் அந்த வழியாலதான் போவாங்க. போனா என்ன? ரோட்டில போறவங்களிட்டயா வி.பி.என். இரிக்கி? என்னிட்டத்தானே இரிக்கி!

...மெல்லமாக் கதைக்கிறதா? நல்ல கதை. நோர்வே என்ன இந்தா இரிக்கிற குருமண்வெளியிலயா இரிக்கி? சத்தம் போட்டாத்தானே கேக்கும்.

நீங்க என்னை ஒரு மாதிரிப் பாக்கிறீங்க. நான் பொய் சொல்லல்ல. பொறுங்க, இப்ப போட்டுக் காட்டுறன், நீங்களே பாத்து ஓட்டையைக் கண்டுபிடிங்க. விதுசாவுக்கு இண்டைக்கு லீவு. உங்கட வைபையைக் குடுங்க, இதிலயும் வி.பி.என். இரிக்கிதானே? நல்லம். ...ஏன் கதவைச் சாத்தப் போறீங்க? தேவையில்ல, வேர்க்கும். குழாய் மூடித்தானே இரிக்கி.

ம்... இருட்டு... ஆ, வந்திட்டு. பச்சை எரியுது. தம்பி, மேசைக்குக் கிட்ட நிண்டிராதீங்க, கை பட்டிரும்.

மகள்! விதுசா! கேக்குதா!! ...ஓம், அம்மா கடையில நிக்கன், பயப்படாத, இஞ்ச ஒருத்தரும் இல்ல, அந்தத் தம்பி மட்டும்தான். இஞ்ச பார் மகள், ஒரு சங்கதி. ஆருக்கும் சொல்லிராத! நேத்துப் பெரியகல்லாத்தில இருந்து பொடியன்ட அம்மா கோல் எடுத்தா! ...அழாத, நல்ல செய்திதான்! அன்னப்பூரணி கொண்டுபோன வெத்திலையை அவங்க தொடவே இல்லையாம்! "ரெக்டரை நான் கட்டவா, பொடிச்சியைக் கட்டவா" எண்டு கேட்டானாம் பொடியன்! ...ஓம்!! அவன் நிருஷாவைப் பள்ளியில கண்டிரிக்கானாம், அண்ணன்ட பிள்ளையைக் கூப்பிட வந்த நேரம். இவள் முழங்கால்ல இருந்து ஒரு பிள்ளைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு இரிந்தாளாம். அண்டைக்கே தாயிட்டச் சொல்லிட்டானாம்!

இன்னும் கேள் மகள். நான் உன்னட்டச் சொல்லி அழுதனே... வீட்டை நிருஷாவுக்கு எழுதிட்டு, நானும் அப்பாவும் பின் வளவில ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு போயிருவம், இந்த வயசில அப்பாட நெஞ்சிழுப்போட அந்த ஈரத்தில எப்பிடி இரிக்கிற எண்டு... அது எப்பிடியோ அவங்கட காதுக்குப் போயிட்டு! பொடியன் சொன்னானாம், "வீடு ஆர்ட பேரில இரிந்தாலும் மாமாவும் மாமியும் அந்த வீட்டிலதான் இரிக்கணும். குடில் கதை கதைச்சா நான் தாலியே கட்டமாட்டன்" எண்டு. என்ட ராசா... அவனை நான் இன்னும் கண்ணால காணல்ல மகள். நேத்துத் தொட்டு அவனைத்தான் நினைச்சுக்கொண்டு இரிக்கன்.

என்ன, அழுறியா? உன்ட அந்தப் பொம்மை மூஞ்சி சிரிச்சுக்கொண்டு நிக்கி, குரல் அழுது... எனக்கு எதைப் பாக்கிற எண்டே தெரியல்ல. அழாத. வியாழக்கிழமை வாறாங்க, நாள் வைக்க. நிருஷாவுக்கு இன்னும் சொல்லல்ல. நான் வீட்ட போய்ச் சொல்லக்குள்ள அந்தக் கத்திரிக்கோலைப் பறிச்சு எறியப் போறன். சரி, வைக்கன். ஆருக்கும் மூச்சு விடாத! கவனம்!

கண்டீங்களா தம்பி? எல்லாம் ஒழுங்காத்தானே போட்டன்? பச்சை எரிஞ்சிச்சு, கோடு வந்திச்சு... பொறுங்க, இதைக் கழட்ட... கொண்டையில மாட்டிக்கொண்டு நிக்கி...

ஆ.

என்ன இவ்வளவு ஆக்கள்?

நாகரெத்தினம் அண்ணன், நீங்க எப்ப வந்த? ...போனுக்கு ரீலோட் போடவா. ஓம். இது துணிக்கடை றமீஸா தங்கச்சியெல்லோ? நீ ஏன்கா கண்ணைத் துடைக்கிற? ...ஆட்டோப் பொடியனும் நிக்கான். ரோட்டுக்கு அங்கால மரக்கறிக்காரியும் தராசைப் போட்டுட்டு இஞ்ச பாத்துக்கொண்டு நிக்காள். ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?

தம்பி... நான் கத்தினனா?

...அவ்வளவு சத்தமாவா?

...அப்ப, அங்க மாமரத்துக்குக் கீழ நிண்டும்... ஒவ்வொரு பின்னேரமும்...

அட முருகா. கப்புகனார் வாயையெல்லோ கட்டுறார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நிண்டிரிக்கன்.

தம்பி, அண்டைக்குப் பஸ் வரக்குள்ள "ஆனா அக்கா" எண்டு நீங்க சொல்ல வந்தது இதையா? ...ஏன் புள்ள, ஓடி வந்து பஸ்ஸை மறிச்சுச் சொல்லியிருக்கலாமே!

ம்... ஆனா சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பன். மூடியிருந்தா அந்தக் குடில் கதை ஆத்தைத் தாண்டிப் போயிரிக்காது.

சரி, விடுங்க. உங்கட குழாயில ஓட்டை இல்ல. நான்தான் குழாய்க்கு வெளியில நிண்டு ஊத்தியிரிக்கன். அந்தத் துவாயை எடுங்க. நாகரெத்தினம் அண்ணன், சிரிச்சது காணும், வியாழக்கிழமை பின்னேரம் அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்ட வாங்க. றமீஸா, நீயும் வா புள்ள, நிருஷாவுக்கு உன்ட கடையிலதான் சேலை எடுக்கப் போறன். தம்பி, நீங்க கடையைப் பூட்டிட்டு வரணும், சொல்லிட்டன்.

...அன்னப்பூரணிக்கா? சொல்லாம விடுவனா, பக்கத்து வளவுக்காரி. ஆனா அவள்ட வீட்டுக்குப் போகத் தேவையில்ல. என்ட வளவில நிண்டு சொன்னாப் போதும். அவளுக்குக் கேக்கும்.