கொரியா மாப்பிள்ளையின் சந்தை நிலவரம்

— வேணாம்னு வெரட்டுன கொரியா மாப்பிள்ளைய இப்ப என்னா டீச்சர் திரும்பக் கேக்குறீங்க? கல்யாணத் தரகுன்னா ரெங்கம்மாவுக்கு வேற வேலையே இல்லன்னு நெனப்பா?

— கோவிக்காதீங்க ரெங்கம்மாக்கா. நான் அப்ப சொன்னது அப்பத்தய நெலவரம்.

— ஆத்தாடி! மரக்கறிக்குத்தான் நெலவரம் கேட்டுருக்கேன். மாப்பிள்ளைக்குமா?

— தினேஸ் வேலை செய்றது மெமரி சிப் கம்பெனியிலக்கா. அப்ப சிப்பு விக்காம தேங்கி, வெல படுத்துருச்சு. கம்பெனிக்கு நட்டம். ஷேர் பாதிக்கு எறங்கிருச்சு, போனசும் இல்ல. அந்த நேரத்துல யாரு பொண்ணு குடுப்பா?

— பொடியன் தங்கம்னு தலையால அடிச்சிக்கிட்டேனே!

— இப்ப கேளுங்க. ஏஐ கம்ப்யூட்டருங்க மெமரிய அள்ளி அள்ளி முழுங்குது. செய்ற செலவு பழைய செலவுதான், விக்கிற வெலதான் எகிறிருச்சு. அப்ப ஏறுனதெல்லாம் லாபந்தானே? லாபத்தப் பாத்து ஷேரும் ஏறுது. வேலையாளுக்கே போனசோட ஷேரும் குடுக்குறாங்களாம்.

— நம்ம தோட்டத்துல தேயிலை வெல ஏறுனா மட்டும் கூலியக் கூட்டுறேன்னு சொல்ல தொரைக்கு வாயே தொறக்க மாட்டேங்குது.

— அத விடுங்க. இன்னைக்கே அப்புத்தளைக்குப் போயி தினேஸ் வீட்டுல பேசுங்க.

— நாளைக்கு சிப்பு வெல திரும்ப விழுந்தா? மாப்பிள்ளையத் திருப்பிக் குடுத்துருவீங்களோ?

— கேலி பண்ணாதீங்கக்கா. விழுந்தாலும் விழட்டும். வந்த வரன் ஒண்ணையும் நிஷாந்தினி நிமிந்து பாக்கல. இப்பவும் உள்ள போனும் கையுமாத்தான் கெடக்கா. எம் மக இப்படியே நின்னு போயிருவாளோன்னு பயமா இருக்கு.

— காலம் போயிருச்சு டீச்சர். தினேச வேறொருத்தி புடிச்சிக்கிட்டா.

— ஐயோ! எப்ப?

— வெல படுத்துக் கெடந்தப்பவே. லீவுல வந்தவனக் கூட்டிக்கிட்டுப் போயி பதுளையில ரெஜிஸ்டர் பண்ணிட்டா. சாட்சிக் கையெழுத்து நாந்தான்.

— நீங்களா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே! ம்... அந்தச் சிறுக்கி வெவரமானவதான். பெத்தவ என்னா சொன்னா?

— அவங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவாங்கன்னு புள்ள நடுங்குது.

— எதுக்கு ரெண்டாக்கணும்? அந்த மாதிரிப் பையன் கெடைச்சா ஆராத்தி எடுத்து உள்ள கூப்புட வேணாமா? நானா இருந்தா இந்த நிமிசமே மன்னிச்சிருவேன்!

— கேட்டியா நிஷாந்தினி? அம்மா மன்னிச்சிட்டாங்க, வெளிய வா தாயி!