நீச்சல் உருளைக்குள் கைவைத்துப் பார்த்தவருக்கு

விலங்கு நடத்தை ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர், முதுநிலை விரிவுரையாளர் திருமதி ஜோசப்பின் பஸ்தியாம்பிள்ளை அவர்களின் பணி ஓய்வு நாளில், கிளிநொச்சியில் அவருடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

முல்லைத்தீவுக் கரையோரம் விளைந்த முத்தே! வன்னி மண்ணுக்கு வாய்த்த வளமே! எலிக்கும் இரங்கிய இதயமே! எங்களுக்கு மட்டும் இரங்காமல் வேலை வாங்கிய எசமானியே! அன்பும் அதட்டலும் அளவாய்க் கலந்த எங்கள் ஜோசப்பின் மிஸ் அவர்களே! வணக்கம்.

மனச்சோர்வுக்கு மருந்து தேடுவோர் முதலில் எலியிடம்தான் வருகிறார்கள். எலியோ வாய் திறந்து எதையும் சொல்லாது. நீந்துகிறதா, அசையாமல் மிதக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி உருளைகள் வேண்டும். வாலில் தொங்கும்போது திமிறுகிறதா என்று அளக்கச் சட்டம் வேண்டும். இனிப்பில் இன்னும் ஆசை இருக்கிறதா என்று அறிய, வெறும் நீரும் சீனி நீரும் நிரப்பிய போத்தல்கள் வேண்டும். இவை எதுவுமே இல்லாத வெறும் அறைக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். வெளிநாட்டுக் கருவிகளின் விலை கேட்டு நாங்கள் பின்வாங்கியபோது, ஊர்த் தச்சரையும் கண்ணாடிக் கடைக்காரரையும் பிடித்து, அளவு சொல்லிச் செய்வித்தீர்கள். ஒழுகிய உருளையைத் திரும்பத் திரும்ப அனுப்பியதில், உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அந்தக் கடைக்காரர் பின்கதவால் போய்விடுவார் என்று கேள்வி.

உருளையிலிருந்து எடுத்த எலியைத் துவாயால் துடைத்து, மின்குமிழின் கீழ் வைத்துச் சூடேற்றிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். மிதக்கும் எலி நம்பிக்கை இழந்துவிட்டதா என்று ஒரு மாணவர் கேட்டார். "அதை நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? களைச்சுப்போய் மிதக்குதாக்கும். முதல் தூக்கித் துடையுங்கோ, பிறகு யோசிப்பம்" என்றீர்கள். இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து திரும்பிய இந்த ஊரில், அது எலியைப் பற்றிய பேச்சாக மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை.

கலங்காத உள்ளம் கொண்டவரே! சென்ற ஆண்டை எப்படி மறப்போம்? இந்த ஆய்வுகூடம் கிளிநொச்சியில் இருப்பதா, கருவிகளை ஏற்றிக்கொண்டுபோய் வேறொரு வளாகத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஆய்வு மாணவி யதுசா வல்லாரைச் சாறு கொடுத்த எலிகள் துள்ளி நீந்தின. கொடுக்காதவை அசையாமல் மிதந்தன. மனச்சோர்வுக்கு மருந்து கண்டுவிட்டோம், ஆய்வுகூடமும் பிழைத்தது என்று கேக் வாங்கவும் ஆள் போய்விட்டது!

நீங்களோ, அன்று பிற்பகல் உருளைக்குள் கையை விட்டீர்கள். விட்ட வேகத்தில் எடுத்தீர்கள். "இதென்ன, தேத்தண்ணி போடவோ வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டீர்கள். சாறு குடித்த எலிகள் காலையில் நீந்தியது குளிர்ந்த கிணற்று நீரில். சாறு குடிக்காதவை பிற்பகலில் இறங்கியதோ மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில் வெயில் காய்ச்சிய நீரில். வெப்பமானியைக் காலையில் வைத்துப் பார்த்ததோடு சரி. மத்தியானம் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதவர் கிளிநொச்சியில் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சூட்டுக்குச் சுகமாய்ச் சாய்ந்து கிடந்த எலிகளைத்தான் சோர்ந்தவை என்று எழுதி வைத்திருந்தோம்.

குழு வந்து போகட்டும், பிறகு திருத்திக்கொள்வோம் என்று கெஞ்சினோம். ஆய்வுகூட உதவியாளர் சுகந்தினி அழுதே விட்டார். "கிளினிக்கில மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிற பிள்ளை ஒண்டு, வல்லாரையே போதும் எண்டு குளிசையை நிப்பாட்டினால் ஆர் பொறுப்பு? ஆய்வுகூடம் போனால் போகட்டும்" என்றீர்கள். சொல்லிவிட்டு, தச்சர் செய்த சட்டத்தை ஒருதரம் தடவிப் பார்த்தீர்கள். நீங்களே கட்டியெழுப்பிய இடமல்லவா! மறுநாள் குழுவின் முன் எழுந்து, எங்கள் முடிவு பிழை என்று நீங்களே சொன்னீர்கள். அவர்கள் முகம் கொடுக்காமல் போனார்கள். நாங்கள் உருளைகளைப் பொதிசெய்ய வைக்கோல் தேடத் தொடங்கினோம்.

எல்லா உருளைகளிலும் ஒரே சூட்டில் நீர் வைத்து மீண்டும் செய்தபோது, வல்லாரை எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. யதுசா அதை அப்படியே எழுதிப் பட்டமும் பெற்றார். அவ்வளவுதான் என்றிருந்தோம். கடந்த வாரம் குழுவின் முடிவு வந்தது: ஆய்வுகூடம் கிளிநொச்சியிலேயே இருக்கும், பொறுப்பு யதுசாவுக்கு. தனக்கே பாதகமான உண்மையைச் சொன்ன இடத்தை மூடக்கூடாது என்று அவர்கள் காரணம் காட்டியிருந்தார்கள். இப்போது பிற பல்கலைக்கழகங்களும் தங்கள் மருந்துகளைச் சோதிக்க எங்களிடம் அனுப்புகின்றன. மருந்துக்குப் பலன் "இல்லை" என்று நாங்கள் சொன்னால் நம்புகிறார்கள். ஒருநாள் "ஓம்" என்று சொல்வோம், அன்றும் நம்புவார்கள். அந்த நாள் வரும், மிஸ்!

வற்றாப்பளை அம்மனையும் உங்கள் கடற்கரைக் கோயில் மாதாவையும் அவரவர் வழக்கப்படி வேண்டிக்கொள்கிறோம். நோய்நொடி அண்டாமல், நல்ல மீனும் நிறைந்த நித்திரையுமாக நெடுங்காலம் வாழுங்கள்.

இன்றோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்ற முடிவைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. எதையும் மீளச் செய்து பார்க்கச் சொன்னவரே, இதையும் ஒருதரம் மீளச் செய்து பாருங்கள். பிழை என்று வந்தால், திங்கள் காலை வந்துவிடுங்கள். யதுசா இன்னும் உங்கள் கதிரையில் அமரவில்லை.

கலங்கிய கண்களோடும் கூப்பிய கைகளோடும்,
உங்களிடம் ஏச்சு வாங்கியே வளர்ந்த
விலங்கு நடத்தை ஆய்வுகூடத்தார்,
கிளிநொச்சி